தேவையில்லாத பெட்டி

கல்லூரியில் அவருடைய பெயர் அலுவலகக் கோப்புகளில்தான் இருந்தது. மாணவர்களுக்கு அவர் 'பெட்டி மேடம்'. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் பதினோரு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் முதுகுக்குப் பின்னால் இருப்பது என்றைக்காவது முன்னால் வந்து நிற்கும். ஒருமுறை வருகைப் பதிவேட்டில் யாரோ அப்படியே எழுதிவிட்டார்கள். அவர் அதை அடிக்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.

பெயருக்குக் காரணம் அவருடைய பாடம். மென்பொருள் மாடலிங். ஒரு நிரலை எழுத உட்காருவதற்கு முன்னால், அது எந்த இடத்துக்குப் போகப்போகிறதோ அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று படம் போட்டுப் பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கோடு. கோட்டின் நுனியில் 'ஒன்று' என்றோ 'பல' என்றோ ஒரு குறி. ஒரு புத்தகத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும். ஒருவர் பல புத்தகம் எடுக்கலாம். அவ்வளவுதான். கேட்கும்போது சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். வரையும்போதுதான் சிக்கல் தெரியும்.

ஒன்பது வருடமாக அவர் கொடுத்து வந்த பயிற்சி ஒரு நூலகம். முதல் வருடம் மாணவர்கள் திணறினார்கள். மூன்றாம் வருடம் எல்லோரும் எழுபதுக்கு மேல் வாங்கினார்கள். ஒன்பதாம் வருடம் அறுபத்திரண்டு பேரில் நாற்பத்தோரு பேர் 'உறுப்பினர்' என்பதை 'உறுபினர்' என்று எழுதியிருந்தார்கள். எந்தக் காலத்திலோ எந்த அண்ணனோ அக்காவோ விட்ட ஒரு புள்ளி எழுத்து, வகுப்பு வகுப்பாக இறங்கி வந்திருந்தது. பெட்டி மேடம் விடைத்தாள்களைக் கட்டி மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். சமையலறை மேசையில் ஒரு சர்க்யூட் பலகையையும் கைபேசியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்டோடு வரும் கையேடுகள் அவருக்குத் தெரியாத மொழிகளில் இருக்கும். பக்கத்தைப் படம் எடுத்து சாட்பாட்டிடம் கேட்பது சில மாதமாக அவருக்குப் பழகியிருந்தது.

"ஒன்பது வருஷமா ஒரே கேள்வியக் கேட்டா அவங்க என்ன பண்ணுவாங்க? உன் மேலதான் தப்பு," என்றார் கதை முழுவதையும் கேட்டுவிட்டு.

"புதுசா ஒரு பயிற்சி எழுத எனக்கு ரெண்டு வாரம் ஆகும். கதை எழுதணும், விடைக்குறிப்பு எழுதணும், ஓட்டை இருக்கான்னு பாக்கணும்."

"இதுகிட்டக் கேளு. ரெண்டு நிமிஷம்."

உண்மையில் ஒன்றரை நிமிடம்தான் ஆனது. மருந்துக்கடை, நீச்சல்குளம், விதை வங்கி, பேருந்து டிப்போ என்று கேட்கக் கேட்க வந்தது. ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கக் கதை, அதற்குக் கீழே விடைக்குறிப்பு. இரண்டு வாரம் ஆகிற வேலை, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்தது. அந்த வார இறுதிக்குள் பன்னிரண்டு பயிற்சிகளைத் தேர்ந்தெடுத்தார். அறுபத்திரண்டு பேருக்கும் பிரித்துக் கொடுத்தால், ஒரே பயிற்சி ஐந்தாறு பேருக்குத்தான் வரும். பார்த்து எழுத வேண்டுமென்றாலும் பார்ப்பதற்கு ஆளைத் தேட வேண்டும்.

துறைத்தலைவரிடம் காட்டினார். துறைத்தலைவர் எதையும் படிவமாக்கினால்தான் நம்புகிறவர். பன்னிரண்டு தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க மெஷின்கிட்ட கேள்வி வாங்குறீங்க. பசங்க மெஷின்கிட்ட பதில் வாங்குவாங்க. நடுவுல நாம ரெண்டு பேரும் எதுக்கு மேடம்?" என்று கேட்டார்.

"அதனாலதான் சார், வகுப்புலயே உக்கார வெச்சுப் பேப்பர்ல வரையச் சொல்றேன்," என்றார் பெட்டி மேடம். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு நன்றாகவே நடந்தது. விடைத்தாள்களைத் திருத்துவதும் சுலபமாக இருந்தது. விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டிக்குப் பெட்டி ஒத்துப்பார்த்தால் போதும். பெரும்பாலும் ஒத்துப்போனது. பிறகுதான் ஏன் என்று அவருக்குப் புரிந்தது. சாட்பாட் எழுதிய கதைகள் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. வாக்கியத்தில் வரும் பெயர்ச்சொல்லையெல்லாம் பெட்டியாக்கி, வினைச்சொல்லையெல்லாம் கோடாக்கினால் விடை கையில் வந்துவிடும். எந்த மருந்துக்கடைக்காரரும் அப்படிப் பேச மாட்டார். அது அப்போதே அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அறுபத்திரண்டு தாள் ஒரு நாளில் திருத்தி முடிந்த நிம்மதி அந்த உறுத்தலை ஓரமாகத் தள்ளி வைத்தது.

டிப்போ பயிற்சி வந்த ஐந்து பேரில் நான்கு பேருக்குப் பத்துக்குப் பத்து. ஐந்தாவது தாளில் பேருந்துக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் 'டியூட்டி' என்று ஒரு பெட்டி அதிகமாக இருந்தது. விடைக்குறிப்பில் பேருந்திலிருந்து ஓட்டுநருக்கு நேர்க்கோடு. பெட்டி மேடம் சிவப்பு மையில் 'தேவையில்லாத பெட்டி' என்று எழுதி நான்கு மதிப்பெண் போட்டார்.

அந்தத் தாளின் சொந்தக்காரியை வகுப்பில் 'மியூட்' என்று கூப்பிடுவார்கள். இரண்டு வருடத்தில் அவள் வாயைத் திறந்து யாரும் கேள்வி கேட்டுப் பார்த்ததில்லை. தாள் கொடுத்த மறுநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று சொன்ன பிறகும் வாசலிலேயே நின்றாள்.

"மேடம், இந்தப் பெட்டி தேவைதான் மேடம்."

"கேள்வியப் படிச்சியா? 'ஒவ்வொரு பேருந்தையும் ஒரு ஓட்டுநர் ஓட்டுவார்'னு இருக்கு. அப்போ ஒரு கோடு போதும். கேள்வியில என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க்."

அவள் தாளை இரண்டாக மடித்தாள்.

"அப்போ கேள்வி தப்பு மேடம். எங்கம்மா டிப்போலதான் வேலை பாக்குறாங்க. டியூட்டி கிளார்க்."

சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

பெட்டி மேடத்துக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கேள்வி தப்பு என்று ஒரு மாணவி முகத்துக்கு நேரே சொல்வதைக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. கோபம் ஆறிய பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. கல்லூரிக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் அவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார். ஒரு மருத்துவமனைக்காக அவர் போட்ட படத்தில் 'ஒரு படுக்கை, ஒரு நோயாளி' என்று இருந்தது. யாரும் மறுக்கவில்லை. நிரல் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் பிரசவ வார்டிலிருந்து ஒரு நர்ஸ் போன் பண்ணினார். "குழந்தைய எங்க பதியிறது மேடம்? படுக்கை நிரம்பிடுச்சுன்னு சொல்லுது." அதற்குள் இரண்டு குழந்தைகளின் மருந்துக் கணக்கு தாய்மார்களின் பெயரில் ஏறியிருந்தது. அந்த நர்ஸ் கவனித்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பது அவருக்கு ஒருபோதும் சமாதானமாக இருந்ததில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை காலையில் டிப்போவுக்குப் போனார். முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் மியூட்டின் அம்மா கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். நாலுக்கு ஏழடி இருக்கும் அந்தக் கூண்டு. ஒரு பக்கம் ஜன்னல், வெளியே வரிசையாக ஓட்டுநர்கள். எதிர்ச்சுவரில் பெரிய பலகை, அதில் வரிசை வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் இரண்டு வட்டத் தகர வில்லைகள் தொங்கின. சிவப்பு வில்லையில் பேருந்து எண், வெள்ளை வில்லையில் ஓட்டுநரின் எண்.

"உக்காருங்க. கால மட்டும் உள்ள இழுத்துக்குங்க, கதவு இடிக்கும்," என்றார் கிளார்க். மகளுக்கும் சேர்த்து அவரே பேசிவிடுகிறவர் மாதிரி இருந்தார். ஆனால் பேசுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஜன்னலில் ஒருவர் வந்து, "இருபத்தேழுல பிரேக் சரியில்ல," என்றார். கிளார்க் ஓர் ஆணியிலிருந்து சிவப்பு வில்லையைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். போன் அடித்தது, யாருக்கோ காய்ச்சல். வெள்ளை வில்லை இறங்கியது, வேறொன்று ஏறியது. பத்து மணிவாக்கில் பாதி வழியில் ஓட்டுநர் மாறும் நேரம் வந்தது. வெள்ளை வில்லைகள் பல ஒரே சமயத்தில் இடம் மாறின. காலையில் ஓர் ஆணியில் இருந்த ஓட்டுநர் மதியம் இன்னோர் ஆணியில் இருந்தார், வேறு பேருந்தோடு.

பெட்டி மேடம் குறிப்பேட்டில் எதையோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார்.

கூட்டம் குறைந்த பிறகு கிளார்க் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "என்ன, தலை சுத்துதா?"

"எது மாறாம இருக்குன்னு தேடிட்டிருக்கேன்."

"பஸ்ஸு மாறும், ஆளு மாறும். ஆணிக்குக் கீழ பெயின்ட்ல நம்பர் போட்டிருக்கு பாருங்க, அது மட்டும் அப்படியே இருக்கும். அதான் டியூட்டி. அந்த நம்பர் இல்லன்னா எந்த பஸ்ல எப்போ யார் இருந்தாங்கன்னு எனக்கே தெரியாது."

மகள் வரைந்தது இந்தப் பலகையைத்தான். பெட்டி மேடம் அதைச் சொன்னார். தான் நான்கு மதிப்பெண் போட்டதையும் சொன்னார்.

"அவ வீட்ல ஒண்ணும் சொல்லலியே," என்றார் கிளார்க். "சின்ன வயசுல ஸ்கூல் விட்டா இங்கதான் வந்து உக்காருவா. பேச ஆள் கெடையாது, பலகையப் பாத்துட்டே இருப்பா."

வீட்டுக்கு வந்ததும் பெட்டி மேடம் சாட்பாட்டைத் திறந்து, பேருந்துக்கும் ஓட்டுநருக்கும் நேர்க்கோடு போட்டது தவறு, நடுவில் டியூட்டி வேண்டும் என்று எழுதினார். மன்னிப்புக் கேட்டது. நீங்கள் சொல்வது மிகவும் சரி என்று சொல்லிப் புதிய விடைக்குறிப்பும் கொடுத்தது. ஏதோ தோன்றி, உடனே மாற்றி எழுதினார்: இல்லை, யோசித்துப் பார்த்தால் டியூட்டி தேவையில்லை, நேர்க்கோடே போதும். அதற்கும் மன்னிப்புக் கேட்டது. அதுவும் மிகவும் சரி என்றது.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த கணவர் சிரித்தார். "எதச் சொன்னாலும் சரிங்குதே. வீட்ல இப்படி ஒருத்தர் இருந்தா உனக்கு எவ்வளவு நல்லா இருக்கும்!"

"ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். வேலைதான் நடக்க மாட்டேங்குது."

சிரித்தாலும், அடுத்த ஒரு வாரம் அவருக்கு நிம்மதியில்லை. பன்னிரண்டு விடைக்குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்ந்தார். ஏழில் ஓட்டை இருந்தது. நீச்சல்குளத்தில் ஒரு பயிற்சியாளருக்கு ஒரே வகுப்பு. மருந்துக்கடையில் ஒரே மருந்து இரண்டு காலாவதித் தேதியோடு இருக்க வழியில்லை. எல்லாமே படிக்கும்போது வழவழவென்று இருந்தன. அந்த வழவழப்பில்தான் தானும் வழுக்கி விழுந்ததாக அவர் நினைத்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. "ஏழு விடைக்குறிப்பு தப்பு. எழுதினது மெஷின், ஆனா சரிபாக்காமத் திருத்தினது நான். திரும்பத் திருத்தப் போறேன்."

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "எங்களுக்கு மார்க் குறையுமா மேடம்?"

"யாருக்கும் குறையாது. சில பேருக்குக் கூடும்."

கைதட்டல் கிளம்பியது. மியூட் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து கிடைத்தது.

பயிற்சியை எப்படி மாற்றுவது என்பதுதான் அதற்குப் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது. டிப்போவில் அவர் கற்றுக்கொண்டது எதுவும் அரைப்பக்கக் கதையாக எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. பார்த்தும் கேட்டும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. மாணவர்களுக்கும் அப்படித்தான் கிடைக்க வேண்டும். அறுபத்திரண்டு பேரை அந்தக் கூண்டுக்குள் அனுப்ப முடியாது. ஆகவே டிப்போவில் பார்த்ததையெல்லாம் எழுதிக் கொடுத்து, சாட்பாட்டையே கிளார்க்காக நடிக்கச் சொன்னார். மாணவர்கள் அதனிடம் கேள்வி கேட்க வேண்டும். கிடைக்கும் பதில்களை வைத்துப் படம் போட வேண்டும்.

முதல் முயற்சி சிரிப்பாய்ச் சிரித்தது. 'வணக்கம்' என்று எழுதியதற்கே அந்தப் பொய் கிளார்க் டியூட்டி, வில்லை, பாதி வழியில் ஆள் மாறுவது எல்லாவற்றையும் எண் போட்டுக் கொட்டித் தீர்த்தது. கேட்காததற்குப் பதில் சொல்லாதே என்று எழுதி வைத்தார். அது ஊமையாகிவிட்டது. பிரேக் கெட்டால் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் வில்லையை மாற்றுவதைப் பற்றிச் சொல் என்றார். நாலைந்து வாரம் இப்படி இழுத்தது. கணவர்தான் மாணவனாக நடித்துக் கேள்வி கேட்டுப் பார்த்தார். ஒரு நாள், "சும்மா இருக்கட்டும்னு 'படத்த நீயே போட்டுக் குடு'ன்னேன். போட்டுக் குடுத்துடுச்சு," என்றார். கிளார்க்குக்குப் படம் போடத் தெரியாது என்று இன்னொரு வரி சேர்ந்தது.

உண்மையான கிளார்க்கிடமும் கொடுத்துப் பார்த்தார். அவர் டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து இருபது நிமிடம் அதனோடு பேசினார்.

"நல்லாத்தான் பேசுது. ஆனா ஜன்னல்ல எட்டுப் பேர் நிக்கும்போது முழு வாக்கியம் யார் பேசுவா? நானா இருந்தா 'அதான் சொன்னேன்ல'ன்னு எப்பவோ எரிஞ்சு விழுந்திருப்பேன்."

அதையும் எழுதி வைத்தார். பொய் கிளார்க்குக்கு அன்றிலிருந்து பாதி வாக்கியமும் கொஞ்சம் எரிச்சலும் வந்தன.

புதிய பயிற்சிக்கு மாணவர்கள் ஒரே மாதிரி இறங்கவில்லை. ஒரு குழு மூன்று கேள்வி கேட்டுவிட்டு முடிந்தது என்றது. இன்னொரு குழு நாற்பது கேள்வி கேட்டு, கடைசியில் கிளார்க்கிடம் திட்டு வாங்கி, அதைப் படம் பிடித்து வகுப்பு முழுக்கப் பரப்பியது. மியூட்டுக்கு டிப்போ கொடுத்தால் நியாயமில்லை என்று அவளுக்கு மட்டும் சலவைக்கூடம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார். அவள் ஆறு கேள்வியோடு நிறுத்திக்கொண்டாள். ஒரே மூட்டையில் இரண்டு வீட்டுத் துணி வந்தால் என்ன ஆகும் என்று கேட்கவேயில்லை. பத்துக்கு ஐந்து.

"டிப்போவ அவ்வளவு சரியாப் போட்டியே," என்றார் பெட்டி மேடம்.

"இங்க எங்கம்மா இல்லையே மேடம். தெரியாதவங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு எனக்கு வராது."

"அது மெஷின்தானே?"

"இருந்தாலும்," என்றாள் மியூட்.

பருவக் கடைசியில் உண்மையான கிளார்க் ஒரு விடுப்பு நாளில் வகுப்புக்கு வந்தார். மாணவர்கள் வரைந்த படங்கள் சுவர் முழுக்க ஒட்டப்பட்டிருந்தன. பெட்டி, கோடு, குறி என்றால் என்ன என்று ஒரு மாணவன் அவருக்கு விளக்கினான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனார். மூன்று நான்கு படங்கள் நன்றாக இருந்தன. ஒன்றைப் பார்த்து, "இது என் பலகையேதான்," என்றார். அந்தக் குழு குதித்தது.

பிறகு அவர் நின்றார். "சரி, ஸ்டாண்ட்பை ஆளுங்க எங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"காலைல அஞ்சு மணிக்கே நாலு பேர் வந்து உக்காந்திருப்பாங்க. பஸ்ஸும் கெடையாது, டியூட்டியும் கெடையாது. யாராவது வரலன்னாதான் கூப்பிடுவேன். சில நாள் சாயங்காலம் வரைக்கும் சும்மாவே உக்காந்துட்டுப் போவாங்க. அவங்களும் வேலைக்கு வந்தவங்கதானே? உங்க படத்துல டியூட்டி இல்லாதவன் வந்ததாவே கணக்கு இல்லையே."

அறுபத்திரண்டு பேரும் பெட்டி மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சாட்பாட்டுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, ஏனென்றால் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்கே தெரியாது. இத்தனைக்கும் அதற்குள் மூன்று முறை அந்தக் கூண்டில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார்.

"நான் பாக்கலியே," என்றார்.

"நீங்க உக்காந்த நாற்காலிக்குப் பின்னால, கதவுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆணி இருக்கு. நாலு வெள்ளை வில்லை தொங்கும். கதவு தொறந்திருந்தாத் தெரியாது."

பெட்டி மேடம் எழுந்து கரும்பலகைக்குப் போனார். என்ன வரைவது என்று அவருக்கு உடனே தெரியவில்லை. பிறகு மாணவர்கள் ஒவ்வொருவராகக் கிளார்க்கிடம் கேட்கத் தொடங்கினார்கள். அவங்க கையெழுத்துப் போடுவாங்களா, எங்க போடுவாங்க, கூப்பிட்டா அந்த நேரத்துலேருந்து கணக்கா, இல்ல அஞ்சு மணிலேருந்தா. மியூட்டின் கையும் பாதி உயர்ந்து இறங்கியது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பருவத்தில் வகுப்பின் சராசரி மதிப்பெண் எட்டிலிருந்து ஐந்தரைக்கு இறங்கியது. துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், பாடம் நல்லா நடக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. மார்க் மட்டும் வேற சொல்லுது. பெத்தவங்க கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"முன்னாடி தெரிஞ்சத எழுதி எட்டு வாங்கினாங்க. இப்போ தெரியாதத கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு அஞ்சரை வாங்குறாங்க."

"இத படிவத்துல எப்படி எழுதுறது?"

இன்னும் ஒரு வருடம் நடத்திப் பார்க்கலாம் என்று துறைத்தலைவர் அனுமதித்தார், மற்ற ஆசிரியர்களும் பயன்படுத்த ஒரு வழிகாட்டி எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். முதல் பக்கத்தில், சாட்பாட் தரும் விடைக்குறிப்பை அந்த வேலையைச் செய்யும் ஒருவரிடம் காட்டாமல் வகுப்புக்குக் கொண்டு போகக் கூடாது என்று இருந்தது. சில ஆசிரியர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டி இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். அவர் அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அவர் வீட்டில் இருப்பதில்லை. போன வாரம் ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போனார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலேயே, "நாயா, பூனையா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல. நான் மட்டும்தான். நீங்க எப்படிப் பதியிறீங்கன்னு உக்காந்து பாக்கலாமான்னு கேக்க வந்தேன். டாக்டர்கிட்ட போன்ல சொல்லியிருக்கேன்."

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

"அந்த நாற்காலி வேணாம், அங்க எப்பவும் பயந்த பூனைங்கள வெப்போம். இங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க."

பெட்டி மேடம் மேசையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் குறிப்பேட்டைத் திறக்கவில்லை. முதலில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். வாசலில் ஒரே நாயின் கயிற்றை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வாதாடியபடியே உள்ளே வந்தார்கள்.